ஏற ஓர் உயரம், இறங்க ஓர் உயரம்

திருமலைக்கு இரண்டு மலைச்சாலைகள் உண்டு. முதலாவது சாலை, இப்பகுதி சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1944-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் ஏறுவோரும் இறங்குவோரும் அந்த ஒரே சாலையைப் பகிர்ந்துகொண்டனர். 1974-இல் இரண்டாவது சாலை அமைந்தது. இன்று புதிய சாலையில் வாகனங்கள் ஏறுகின்றன. பழைய சாலையில் இறங்குகின்றன. மலை ஒன்றுதான். ஆயினும் ஏறும் வாகனத்துக்கு எஞ்சினின் வலிமை வேண்டும்; இறங்கும் வாகனத்துக்குப் பிரேக்கும் நிதானமும் வேண்டும். இரண்டின் தேவைகளும் வேறு வேறு.

மலைப்பாதைக்கென வடிவமைக்கப்பட்ட சைக்கிளுக்கும் இதே நிலைதான். ஏறும்போது இருக்கை உயர்ந்திருக்க வேண்டும். இறங்கும்போது தாழ்ந்திருக்க வேண்டும். ஒரே இருக்கைக்கு இரண்டு உயரம் தருகின்ற உறுப்புக்கு டிராப்பர் சீட்போஸ்ட் என்று பெயர். சுருக்கமாக டிராப்பர் என்கிறார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் வாடிக்கையாளர்களுள், குறிப்பாக இளைஞர்களுள், மலைச் சைக்கிள் வாங்குவோர் அண்மை ஆண்டுகளில் கூடியிருப்பதை நாம் காண்கிறோம். சிலர் சேமித்து வாங்குகிறார்கள். சிலர் மாதத் தவணையில் வாங்குகிறார்கள். வாங்கும்போது டயர், கியர், பிரேக் பற்றி விரிவாக விசாரிப்பவர்கள், இந்தத் தண்டைப் பேணுவது எப்படி என்று கேட்பது அரிது. ஆனால் வண்டியில் முதலில் தொல்லை கொடுக்கும் உறுப்புகளுள் இதுவும் ஒன்று. அத்தொல்லையின் பெரும்பகுதியை ஒரு துணியாலும் சற்றுக் கவனத்தாலும் தவிர்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் செய்தி.

இருக்கை ஏன் இறங்க வேண்டும்?

சமதளத்திலும் ஏற்றத்திலும் மிதிக்கும்போது, மிதிகட்டை கீழே வரும் நிலையில் கால் ஏறத்தாழ முழுவதும் நீள வேண்டும். அப்போதுதான் தொடையின் வலிமை வீணாகாது; முழங்காலும் நோகாது. அதற்கு இருக்கை உயரமாக இருக்க வேண்டும்.

செங்குத்தான சரிவில் இறங்கும்போது நிலைமை மாறுகிறது. வண்டியின் முன்பக்கம் தாழ்கிறது. முன்பிரேக்கைப் பிடித்தால் உடலின் எடை மேலும் முன்னே தள்ளப்படுகிறது. அந்நேரத்தில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து, உடலைத் தாழ்த்திப் பின்னோக்கிச் சாய வேண்டும். உயர்ந்து நிற்கும் இருக்கை அதற்கு இடம் கொடாது. பின்னால் நகர முயல்பவரின் வயிற்றிலோ தொடையிலோ அது முட்டும். தலைகுப்புற விழும் விபத்துகளுக்கு வழி வகுப்பது இதுவே. இருக்கை பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தாழ்ந்தாலே போதும். உடலின் ஈர்ப்பு மையம் கீழே இறங்கி, வண்டி கட்டுக்குள் வந்துவிடும்.

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் வழியில் மொகிலி மலைச்சாலையையும், திருப்பதியிலிருந்து மதனப்பள்ளி செல்லும் வழியில் பாகராபேட்டை மலைச்சாலையையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தார்ச்சாலையை விட்டு விலகி, மாந்தோப்புகளுக்கு இடையிலும் பாறைக் குன்றுகளின் ஓரமாகவும் செல்லும் மண்பாதைகளில் சரளைக் கற்கள் உருளும். அங்கே இருக்கையின் உயரம் சௌகரியம் சார்ந்த விஷயமாக நின்றுவிடுவதில்லை. பாதுகாப்பையும் அதுவே தீர்மானிக்கிறது.

இறங்கி நிறுத்திய காலமும் இறங்காமலே தாழ்த்தும் காலமும்

மலைச் சைக்கிள் விளையாட்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தமல்பையஸ் மலையை ஒட்டிய பகுதியில், 1970-களில் உருப்பெற்றது. பழைய கனத்த சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டுபோய், மண்பாதையில் வேகமாக இறங்குவது அங்கிருந்த இளைஞர்களின் பொழுதுபோக்கு. 1976 அக்டோபரில் அவர்கள் நடத்திய முதல் இறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். பெயருக்குக் காரணம் உண்டு. ஒருமுறை மலையிலிருந்து இறங்குவதற்குள் பின்சக்கரத்தின் பிரேக் சூடேறி, ஹப்பில் இருந்த கிரீஸ் முழுவதும் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அப்படி மீண்டும் அடைப்பதையே அந்த ஆங்கிலச் சொல் குறிக்கும். ஆக, இவ்விளையாட்டு பிறந்த நாளிலேயே பராமரிப்பும் உடன் பிறந்துவிட்டது.

அந்நாளில் இருக்கையைத் தாழ்த்த வேண்டுமென்றால் மலையுச்சியில் வண்டியை நிறுத்தி, கிளாம்பைத் தளர்த்தி, தண்டைக் கீழே அழுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். அடிவாரத்தில் மீண்டும் அதே வேலை. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ், ஜோஷ் ஏஞ்சல் என்பவருடன் சேர்ந்து 1984-இல் ‘ஹைட்ரைட்’ என்னும் எளிய கருவியைக் கொண்டுவந்தார். இருக்கைத் தண்டோடு இணைந்த ஒரு ஸ்பிரிங், அவ்வளவே. கிளாம்பின் லீவரைத் திறந்தால், வண்டியில் அமர்ந்தபடியே இருக்கையைத் தாழ்த்தவும் உயர்த்தவும் முடிந்தது. 2000-களில் ஹேண்டில்பாரிலிருந்தே இயக்கக்கூடிய டிராப்பர்கள் பரவின. 2010-இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ‘ரெவர்ப்’ வந்தது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகை அது.

2022 மார்ச் 19 அன்று இவ்வுறுப்பு உலகின் கவனத்தைப் பெற்றது. இத்தாலியில் நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் மிலான் – சான் ரெமோ சாலைப் பந்தயத்தில், ஸ்லோவேனியா நாட்டு வீரர் மத்தேய் மோஹோரிச் தம் சாலைச் சைக்கிளில் டிராப்பரைப் பொருத்திக்கொண்டு வந்தார். பந்தயத்தின் கடைசி ஏற்றமான போஜியோவிலிருந்து இறங்கும்போது இருக்கையைத் தாழ்த்தி, மற்றவர்களை விட்டு விலகி, தனியாகவே எல்லைக்கோட்டைக் கடந்தார். கேரளத்தின் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டிகள் நடந்தன. தென்னிந்தியக் குன்றுகளுக்கும் இவ்விளையாட்டுக்கும் உள்ள தொலைவு குறைந்துவருகிறது.

உள்ளே நடப்பது என்ன?

ஒரு பொருளைப் பேண வேண்டுமானால் அது இயங்கும் விதத்தை ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும். டிராப்பரில் இரண்டு குழாய்கள் உள்ளன. வெளிக்குழாய் சைக்கிளின் ஃபிரேமுக்குள் அசையாமல் நிற்கிறது. அதனுள் ஏறி இறங்குவது உள்தண்டு. அதன் தலையில்தான் இருக்கை பொருத்தப்பட்டுள்ளது. இரண்டுக்கும் நடுவே தேய்மானத்தைத் தாங்கும் புஷ்களும், தண்டு இடவலமாகத் திரும்பாமல் தடுக்கும் சிறிய பித்தளை முளைகளும் உள்ளன. வெளிக்குழாயின் வாயில் ஒரு கழுத்து வளையமும் அதற்குள் ரப்பர் சீலும் இருக்கும். புழுதியும் நீரும் உள்ளே போகாமல் காப்பது இந்தச் சீல்தான்.

குழாயின் உள்ளே கார்ட்ரிட்ஜ் எனப்படும் உருளை இருக்கிறது. அதில் எண்ணெயும் அழுத்தப்பட்ட காற்று அல்லது நைட்ரஜன் வாயுவும் அடைக்கப்பட்டிருக்கும். ஹேண்டில்பாரில் உள்ள லீவரை அழுத்தினால், கேபிள் இழுபட்டு உருளையின் வால்வு திறக்கும். அப்போது இருக்கையில் எடையைக் கொடுத்தால் தண்டு இறங்கும்; எழுந்து நின்றால் வாயுவின் அழுத்தம் தண்டை மேலே தள்ளும். லீவரை விட்டதும் வால்வு மூடி, தண்டு அந்த உயரத்திலேயே நிற்கும். அமுக்கப்படாத எண்ணெய் அதைத் தாங்கிக்கொள்ளும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். டிராப்பரில் பழுது வரக்கூடிய இடங்கள் நான்குதான்: கேபிள், கிளாம்ப், சீல் உள்ள கழுத்து, கார்ட்ரிட்ஜ். முதல் மூன்றை வீட்டிலேயே கவனிக்கலாம். நான்காவதைத் தொடக்கூடாது.

நம் மண்ணும் நம் மழையும்

உற்பத்தியாளர்களின் கையேடுகள் உலகம் முழுமைக்குமாக எழுதப்படுபவை. சித்தூர், திருப்பதிப் பகுதிக்கென்று சில கூடுதல் கவனங்கள் தேவை. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலில் செம்மண் மாவுபோல் பொடிந்து பறக்கும். கருங்கல் உடைக்கும் இடங்களை ஒட்டிய பாதைகளில் கல்துகளும் சேரும். இந்தத் துகள் உள்தண்டில் படிந்தபடியே தண்டு இறங்கினால், சீலின் விளிம்பில் அது உப்புத்தாள்போல் உராயும். பிறகு மழை. இப்பகுதி தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் பெறுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் நீர் கேபிள் உறைக்குள் இறங்கித் துருவை உண்டாக்கும். இருக்கைக் குழாய் வழியாக ஃபிரேமுக்குள்ளும் தேங்கும். எனவே கோடையின் முடிவில் ஒருமுறையும் மழைக்காலத்தின் முடிவில் ஒருமுறையும் டிராப்பரைக் கவனிப்பது என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு பயணத்துக்குப் பின்

வீடு திரும்பியதும் உள்தண்டை மென்மையான ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைக்க வேண்டும். இருக்கை உயர்ந்த நிலையில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், அழுக்கோடு தாழ்த்தக்கூடாது. இரண்டு நிமிட வேலை. டிராப்பரின் ஆயுளை நீட்டிப்பதில் இதற்கு இணையான வேறொன்று இல்லை.

வாகனம் கழுவும் நிலையங்களில் உள்ள அதிவேக நீர்க்குழாயைக் கழுத்து வளையத்தின்மேல் பாய்ச்சக்கூடாது. சீல் தடுப்பது மேலிருந்து விழும் மழையையும் புழுதியையும். அழுத்தத்தோடு வரும் நீர் அதைத் தாண்டி உள்ளே புகுந்து, அங்குள்ள கிரீஸைக் கழுவிவிடும்.

நம் ஊர்களில் எந்த இயந்திரத்தையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் நெடுநாளாக உள்ளது. செயின், பால்ரஸ் போன்ற எஃகு உறுப்புகளுக்கு அது பொருந்தியது. டிராப்பரின் கழுத்துக்குப் பொருந்தாது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் உள்ளிருக்கும் உயவுப் பொருளைக் கரைத்துவிடும். சில வகை ரப்பர் சீல்களை உப்பச் செய்யும். துரு நீக்கும் ஸ்பிரேக்களும் அவ்வாறே. தேங்காய் எண்ணெய் தடவினால் அன்று வழவழப்பாக இருக்கும். நாளடைவில் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கையேடு கூறும் கிரீஸை, அல்லது சஸ்பென்ஷனுக்கென விற்கப்படும் சிலிக்கோன் வகை உயவை, ஓரிரு துளி மட்டும் பயன்படுத்துவதே தக்கது.

வண்டியைத் தூக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். இருக்கை தாழ்ந்த நிலையில் இருக்கும்போது அதைப் பிடித்து வண்டியைத் தூக்குவதோ, இருக்கையைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுவதோ கூடாது. வண்டியின் முழு எடையும் தண்டை மேல்நோக்கி இழுக்கும். சில வகைகளில் இதனால் வாயு சீலைக் கடந்து எண்ணெயில் கலந்துவிடும்; அதன் பின் தண்டு உறுதியாக நிற்காது. பல நாட்கள் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் இருக்கையை உயர்த்தி வைப்பதே முறை.

சில மாதங்களுக்கு ஒருமுறை

கழுத்து வளையம் பெரும்பாலான வகைகளில் கையால் திருகிக் கழற்றக்கூடியது. இருக்கையை முழுவதும் உயர்த்தி, வளையத்தைக் கழற்றி மேலே நகர்த்தி, சீலின் உட்புறத்தையும் தண்டையும் துடைத்து, சிறிது கிரீஸ் இட்டு, மீண்டும் கையாலேயே பொருத்தலாம். வளையத்தைத் திறக்கும்போது பித்தளை முளைகள் வெளியே வந்தால், எந்த முளை எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவை அளவு பார்த்துச் சேர்க்கப்பட்டவை. இருக்கையின் மூக்கைப் பிடித்து ஆட்டும்போது சிறிதளவு இடவலமாக அசைவது இயல்பே. அசைவு நாளுக்கு நாள் கூடினால் முளைகள் தேய்ந்துள்ளன என்று பொருள். அவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

ஆண்டுக்கு ஒருமுறை டிராப்பரை ஃபிரேமிலிருந்து முழுவதுமாக வெளியே எடுப்பது நல்லது. ஃபிரேமைத் தலைகீழாக்கி உள்ளே தேங்கிய நீரை வடித்து, உட்புறத்தைத் துடைத்து, உலோக ஃபிரேமாக இருந்தால் வெளிக்குழாயில் மெல்லிய கிரீஸ் பூசி மீண்டும் செருக வேண்டும். எஃகு ஃபிரேமும் அலுமினியத் தண்டும் ஈரத்தில் நெடுநாள் ஒட்டியிருந்தால் அரிப்பு ஏற்பட்டு, இரண்டும் பிரிக்க முடியாதபடி இறுகிவிடும். கார்பன் ஃபிரேமுக்குக் கிரீஸ் கூடாது. அதற்கென்று தனிப் பசை உண்டு. மீண்டும் செருகும்போது, குறைந்தது இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று குழாயில் பொறிக்கப்பட்டுள்ள கோடு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோய்க்குறிகளும் மருந்தும்

லீவரை அழுத்தியும் இருக்கை மெதுவாக எழுகிறதா? முதலில் சீட் கிளாம்பைப் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் வெளிக்குழாய் நசுங்கி, உள்தண்டைப் பிடித்துக்கொள்ளும். கிளாம்பில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஐந்து ஆறு என்ற அளவில்தான் இருக்கும். டார்க் ரெஞ்சு இருந்தால் அந்த அளவுக்கு இறுக்கலாம். கைப்பழக்கத்தை மட்டும் நம்பும்போது அளவு மீறிவிடுவதே வழக்கம்.

அமர்ந்தபின் இருக்கை தானே சிறிது சிறிதாக இறங்குகிறதா? கேபிள் இறுக்கமாக இருக்கலாம். லீவரை விட்டபின்னும் வால்வு முழுவதும் மூடாமல் இருப்பதால் எண்ணெய் நழுவுகிறது. லீவருக்கு அருகில் உள்ள திருகை அரைச்சுற்று உள்ளே திருப்பிப் பாருங்கள். மாறாக, லீவரை முழுவதும் அழுத்தியும் இருக்கை அசையவில்லையெனில் கேபிள் தளர்ந்திருக்கிறது. திருகை வெளியே திருப்ப வேண்டும். லீவரே கனமாக நகர்ந்தால் உறைக்குள் துரு ஏறியுள்ளது. கேபிளையும் உறையையும் மாற்றுவது பெரிய செலவன்று.

எங்கள் கிளையின் வாடிக்கையாளரான இளைஞர் ஒருவர், தவணை முடிய எட்டு மாதங்கள் இருக்கும்போதே தம் சைக்கிளை விற்றுவிட எண்ணியிருந்தார். இருக்கை எழவே மாட்டேன் என்கிறது. புதிய தண்டு வாங்கப் பணமில்லை. அதோடு மலைப்பாதைக்குப் போக அச்சமாக உள்ளது என்பது அவர் சொன்ன காரணம். விற்பதற்கு முன் சித்தூரில் நாற்பது ஆண்டுகளாகச் சைக்கிள் கடை நடத்தும் பெரியவரிடம் காட்டுமாறு கூறினோம். அப்பெரியவர் டிராப்பரை அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்-கீயை எடுத்துக் கிளாம்பின் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினார். இருக்கை சட்டென்று எழுந்தது. “தண்டு நல்லாத்தான் இருக்குது தம்பி. கழுத்தைப் பிடிச்சு நெரிச்சா யாருக்குத்தான் மூச்சு வரும்?” என்றாராம். கூலி கேட்கவில்லை, தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்ததாக இளைஞர் சொன்னார். வண்டி இன்றும் அவரிடமே இருக்கிறது.

தொடக்கூடாத இடம்

மேற்கூறிய அனைத்தையும் சரிபார்த்தபின்னும் இருக்கை ஸ்பிரிங்போல் அமுங்கி எழுந்தாலோ, கழுத்தில் எண்ணெய் கசிந்தாலோ, பழுது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கிறது. இதை வீட்டில் பிரிக்க முயலக்கூடாது. உள்ளே இருக்கும் வாயு, சைக்கிள் டயரில் உள்ளதைவிடப் பன்மடங்கு அழுத்தம் கொண்டது. அழுத்தத்தை முறையாக வெளியேற்றாமல் திருகைக் கழற்றினால் உறுப்புகள் தெறித்து முகத்தையும் கண்ணையும் தாக்கக்கூடும். பல நிறுவனங்களின் கார்ட்ரிட்ஜ்கள் முழுவதும் மூடப்பட்டவை. பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். காற்று நிரப்பும் வால்வு உள்ள வகைகளில் கையேடு கூறும் அளவுக்கு மட்டும், அதற்கென உள்ள சிறப்புப் பம்பினால் நிரப்ப வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் இதற்கு உரியதன்று.

உறுதிச்சீட்டின் காலம் முடியாதிருந்தால், பிரிப்பதற்கு முன் விற்பனையாளரை அணுகுங்கள். உரிமையாளரே பிரித்த உறுப்புக்குப் பொதுவாக உறுதி செல்லாது. வாங்கிய ரசீதையும் உறுதிச்சீட்டையும் படமெடுத்து வைத்துக்கொள்வது எந்தப் பொருளுக்கும் நல்ல வழக்கம்.

கணக்கு என்ன சொல்கிறது?

வணிகவியல் பயின்றவர்கள் செலவை இரண்டாகப் பிரிப்பார்கள். பொருளை வாங்குவது மூலதனச் செலவு. அதை இயங்கும் நிலையில் வைத்திருப்பது வருவாய்ச் செலவு. மாதத் தவணையில் பொருள் வாங்கும் பலர் முதற்செலவை மட்டும் கணக்கிடுகிறார்கள். இரண்டாவதற்கு ஒதுக்கீடே செய்வதில்லை.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். டிராப்பரின் விலை ரூ. 15,000 என்று கொள்வோம். கவனிப்பில்லாமல் இரண்டாண்டில் தண்டு கீறி வீணானால், ஆண்டுக்கு ரூ. 7,500 தேய்மானம். அதே தண்டுக்குத் துணி, கிரீஸ், கேபிள், ஆண்டுப் பழுதுபார்ப்பு என ஆண்டுக்கு ரூ. 2,000 செலவிட்டு அது ஆறாண்டு உழைத்தால், தேய்மானம் ரூ. 2,500, பராமரிப்பையும் சேர்த்து ஆண்டுக்கு ரூ. 4,500. இவை நாமே வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் வண்டிக்கு வேறு எண்கள் வரலாம். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. பராமரிப்புக்குச் செலவிடாதவரே அதிகம் செலவிடுகிறார். மாதம் ரூ. 200 வீதம் ஒரு தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்தால், ஆண்டு முடிவில் ரூ. 2,400-உம் வட்டியும் கையில் இருக்கும். வண்டியின் ஆண்டுக் கவனிப்புக்கு அது பெரும்பாலும் போதுமானது. தவணைத் தொகையோடு இதையும் சேர்த்துத் தாங்க முடியுமா என்று பார்த்தபின் வண்டியைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

சைக்கிள் கடைகளின் அடுத்த பாடம்

1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளில் வளர்ந்தது இப்பகுதியின் ஒரு தலைமுறை. அவ்வண்டிகளைக் காத்தவர்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர்கள். கோட்டம் எடுப்பதும் பஞ்சர் ஒட்டுவதும் ஆண்டுக்கொருமுறை ஓவராயில் செய்வதும் அவர்களின் கைவேலை. அக்கடைகளுள் பல மூடப்பட்டுவிட்டன. இன்று டிராப்பர், ஹைட்ராலிக் பிரேக், சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளைப் பழுதுபார்க்கப் பெங்களூருக்கோ சென்னைக்கோ அனுப்புகிறவர்கள் உண்டு. போக்குவரத்துச் செலவே பழுதின் செலவை மிஞ்சுகிறது.

இங்கே ஒரு தொழில்வாய்ப்பு இருக்கிறது. புதிய உறுப்புகளைக் கற்றுக்கொள்ள முன்வரும் கடைக்காரருக்கோ, அவருடைய பிள்ளைகளுக்கோ, வேண்டிய கருவிகள் மிகப் பெரியவையல்ல: டார்க் ரெஞ்சு, எல்-கீத் தொகுதி, சஸ்பென்ஷன் பம்பு, வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஸ்டாண்டு, சில உதிரி உறுப்புகள். 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில், இத்தகைய சிறு சேவைத் தொழில்களுக்குப் பிணையமின்றிக் கடன் பெறலாம். ரூ. 50,000 வரை சிசு என்னும் பிரிவிலும், அதற்கு மேல் ரூ. 5 லட்சம் வரை கிஷோர் பிரிவிலும் விண்ணப்பிக்கலாம். கருவிகளின் விலைப்புள்ளியையும் கடை பற்றிய விவரங்களையும் கொண்டு உங்கள் கிளையை அணுகினால், தொழிலின் தேவையையும் திருப்பிச் செலுத்தும் திறனையும் பார்த்து அதிகாரிகள் வழிகாட்டுவார்கள்.

மேலே நாம் சொன்ன பெரியவர் இப்போது டார்க் ரெஞ்சு ஒன்று வாங்கியிருக்கிறார். தெரிந்த கைக்குப் புதிய கருவி கிடைத்தால் வேலை எவ்வளவு துல்லியமாகும் என்பதை அவருடைய கடைக்குப் போகிறவர்கள் காண்கிறார்கள்.

புறப்படுமுன்

இறுதியாக ஒரு வேண்டுகோள். சேஷாசலம் மலைத்தொடர் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. செம்மரங்கள் வளரும் காப்புக்காடு அது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே நுழைவது சட்டப்படி குற்றம். அனுமதியுள்ள சாலைகளிலும் ஊர்ப்பாதைகளிலும் மட்டும் ஓட்டுங்கள். தலைக்கவசம் அணியுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

இறக்கம் தொடங்குமுன் சமதளத்தில் நின்று லீவரை மூன்று முறை அழுத்தி, இருக்கை தாழ்ந்து எழுகிறதா, எழுந்த இடத்தில் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் இறங்கலாம். நில்லாவிட்டால் கிளாம்பையும் கேபிளையும் சரிபாருங்கள். அப்போதும் சரியாகவில்லையெனில் இருக்கையைத் தாழ்த்தியே வைத்து, செங்குத்தான இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்குங்கள். பழுதை அடுத்த நாளும் பார்த்துக்கொள்ளலாம்.